ஆலைக்கு முன்னால் ஆர்டர்

ஆப்பிரிக்காவில் போடப்படும் தடுப்பூசிகளில் அங்கேயே தயாராவது சுமார் 1 சதவீதம். 2040-க்குள் இதை 60 சதவீதமாக்க ஆப்பிரிக்க ஒன்றியம் இலக்கு வைத்திருக்கிறது. கோவிட் காலத்தில் பணம் கொடுக்கத் தயாராக இருந்தும் வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்ட நாடுகள் எடுத்த முடிவு இது; முழுக்க நியாயமானது. ஆனால் இலக்கை எட்டும் வழியாகப் பேசப்படுவது பெரும்பாலும் கட்டடமும் இயந்திரமும்தான். வாங்குவது யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

தென்னாப்பிரிக்காவின் ஆஸ்பென் நிறுவனம், ஜான்சன் அண்ட் ஜான்சனின் கோவிட் தடுப்பூசியைத் தன் சொந்தப் பெயரில் தயாரித்து விற்க 2022 மார்ச்சில் உரிமம் பெற்றது. குப்பியில் நிரப்பும் பிரிவும் பயிற்சி பெற்ற ஆட்களும் தயாராக இருந்தும் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. அதற்குள் தேவை சரிந்திருந்தது. மொத்தமாக வாங்கும் அமைப்புகளிடம் வேறு இடங்களிலிருந்து வந்த சரக்கு குவிந்திருந்தது.

கென்யாவில் நடந்ததைப் பாருங்கள். நைரோபியை அடுத்த கிகுயுவில் இயங்கும் யுனிவர்சல் கார்ப்பரேஷன், டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த எச்.ஐ.வி. மாத்திரைக்கு 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியைப் பெற்றது. 2025-இல் குளோபல் ஃபண்ட் அந்த மாத்திரையை வாங்கி மொசாம்பிக்குக்கு அனுப்பியது. பெரும் கொள்முதல் அமைப்பு ஒன்று வாங்க முன்வந்ததால் அந்தத் தகுதிச் சான்றிதழ் வியாபாரமாயிற்று. தடுப்பூசிக் கூட்டணியான காவி, ஆப்பிரிக்கத் தடுப்பூசி உற்பத்தியாளர்களுக்காக 2024-இல் தொடங்கிய திட்டமும் இந்தப் பாடத்தை உணர்ந்தே வகுக்கப்பட்டது. 10 ஆண்டுகளில் 120 கோடி டாலர் வரை கிடைக்கக்கூடிய அந்தத் தொகை கட்டடத்துக்குத் தரப்படுவதில்லை. முன்தகுதி பெற்றபின் ஒரு பங்கும், டெண்டரை வென்று டோஸ்களை வழங்கும்போது மறு பங்கும் கிடைக்கும்.

டெண்டரில்தான் சிக்கலே. கிகுயுவில் மாத்திரை அடிப்பவருக்கு மூலமருந்து இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ கப்பலில் வரவேண்டும். துணைப்பொருள்கள், பிளிஸ்டர் ஃபாயில், எச்.பி.எல்.சி. கருவிக்கான காலம் (column) எல்லாம் அப்படித்தான். உற்பத்தி அளவு சிறியது, கடன் வட்டி அதிகம். பல நாடுகளில் இறக்குமதியாகும் முடிந்த மாத்திரைக்கு வரி இல்லை. அதைத் தயாரிக்கத் தேவையான பொருள்களுக்கு வரி உண்டு. குறைந்த விலைக்கே டெண்டர் என்று விதி வைத்துவிட்டு உள்ளூர் ஆலை தோற்றதை எண்ணி வருந்துவதில் பொருளில்லை. வங்கதேசம் 1982-இலேயே இதைப் புரிந்துகொண்டது. ஆன்டாசிட், வைட்டமின் போன்ற எளிய மருந்துகளைப் பன்னாட்டு நிறுவனங்கள் தயாரிக்கக் கூடாது என்று தடுத்து, அந்தச் சந்தையை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கியது. மூலமருந்துக்கு இன்றும் பெருமளவு இறக்குமதியையே நம்பியிருந்தாலும், தன் மக்களுக்கு வேண்டிய மாத்திரைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அது தானே தயாரித்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்லவேண்டும். உள்ளூரில் தயாரானது என்பதாலேயே மருந்து நல்லதாகிவிடாது. 2025-இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. சிரப்புக்குக் கரைப்பானாகும் புரொப்பிலீன் கிளைக்கால் டிரம் ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுத்து, கேஸ் குரோமட்டோகிராஃபியில் ஓட்டிப் பார்த்து, அதன்பிறகே உற்பத்திக்கு விடவேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த வேலை. அதைச் செய்கிறார்களா என்று முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கும் அதிகாரி இல்லாத இடத்தில் ஆலை கட்டுவது ஆபத்து. தான்சானியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் நிலையாக, திறம்பட இயங்கும் அமைப்புக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் மூன்றாம் முதிர்ச்சி நிலையை எட்டியது. ஆப்பிரிக்காவில் அதுவே முதல். ரிப்பன் வெட்டும் விழாக்களைவிட அந்தச் செய்தியையே நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

ஆப்பிரிக்க ஆலைகளுக்குத் தொழில்நுட்பம் கொடுக்கும் ஒப்பந்தங்கள் இந்திய நிறுவனங்களில் தயாராகின்றன. அவற்றின் பின்னிணைப்புகளை எழுதுபவர்களில் நம் வாசகர்களும் இருப்பார்கள். ஃபார்முலாவோடும் டோசியரோடும் நிறுத்திவிடாதீர்கள். சப்ளையர் தணிக்கை அறிக்கைகள், மாசுப்பொருள் சோதனை முறைகள், தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர்களுக்கு நம் ஆய்வகத்திலேயே பயிற்சி, மூலமருந்துக்குப் பல ஆண்டு விலை உறுதி ஆகியவற்றையும் அதில் சேருங்கள்.