போனைப் பிடுங்கச் சொல்லும் முன்

காலையில் வயிற்றுவலி. பள்ளிப் பேருந்து போனபின் மெல்லக் குறைகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, இரத்தப் பரிசோதனையும் சரி. "ஸ்கூலுக்குப் போகச் சோம்பல், டாக்டர்" என்கிறார் அம்மா. குழந்தைநல மருத்துவர்களுக்குப் பழகிய காட்சிதான். வகுப்பில் யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா என்று கேட்கிறோம். இல்லை என்று பிள்ளை தலையாட்டுகிறது. அது பொய்யும் அல்ல. கேலி நடப்பது வகுப்பறையில் இல்லை, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில்.

நோகடிக்கும் நோக்கம், திரும்பத் திரும்ப நிகழ்வது, எதிர்க்க முடியாத பலவீனம் ஆகிய மூன்றையும் துன்புறுத்தலின் அடையாளங்களாக வகுத்தார் நார்வே உளவியலாளர் டான் ஒல்வேயஸ். இணையத்தில் இரண்டாவது அடையாளம் உருமாறிவிட்டது. படத்தைப் போட்டவன் ஒருமுறைதான் போட்டிருப்பான். நாற்பது பேர் பகிர்ந்தால் பிள்ளைக்கு அது நாற்பது அடி. முன்பெல்லாம் பள்ளி மணி அடித்தால் வீடு புகலிடம். இன்று அடி தலையணைக்கு அடியிலேயே கிடக்கிறது. முதலில் போவது தூக்கம். தற்கொலை எண்ணத்துடனான தொடர்பு நேரடித் துன்புறுத்தலைவிட இணையவழித் துன்புறுத்தலுக்கு வலுவாக இருப்பதாக, 2014இல் 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. தொடர்பு இருப்பதாலேயே அது காரணமாகிவிடாது. ஆனால் கேட்காமல் விட அது சாக்கும் ஆகாது.

பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை? சொன்னால் போன் போய்விடும் என்ற பயம் பெரிய காரணம். அந்தப் பயத்தை வளர்த்ததில் நமக்கும் பங்குண்டு. "போனை வாங்கி வையுங்கள்" என்று புறநோயாளர் பிரிவில் ஒரே மூச்சில் சொல்லி அனுப்புகிறோம். அடிபட்டவனுக்கே தண்டனையும் கொடுத்து, அவனுக்கு ஆறுதலாக இருந்த நண்பர்களையும் சேர்த்துத் துண்டிக்கிறோம்.

பெற்றோரை வெளியே அமர்த்திவிட்டுப் பேசுங்கள். எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாக வேண்டும் என்று தோன்றியதா என நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. மிரட்டல் செய்திகளை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். அந்தரங்கப் படம் என்றால் அதுவும் கூடாது: நகல் எடுப்பதும் நம் போனுக்கு அனுப்பச் சொல்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் சிக்க வைக்கும். அத்தகைய படத்தைப் பற்றி, போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. இணையக் குற்றப் புகாருக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416 ஆகிய எண்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கட்டும்.

இன்னொன்று. துன்புறுத்தியவன் என்று பள்ளி அனுப்பிவைக்கும் பிள்ளையையும் இதே கேள்விகளோடு பாருங்கள். அடி வாங்கியபின் திருப்பி அடிக்கத் தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் மிக மோசமான நிலையில் இருக்கிறார்கள்.

பசி, தூக்கம், மாதவிடாய் என்று கேஸ் ஷீட்டில் நாம் வரிசையாகக் கேட்பவற்றோடு இனி ஒரு வரி சேரட்டும்: "போனில் எதைப் பார்த்தால் வயிறு பிசைகிறது?"