ஆகாயக் காமிராவின் கண்ணுக்கு எது தெரியவில்லை?

காசு கொடுத்தால் இப்போது பறவையாகலாம்! நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இயந்திரம் நாற்காலியைத் தூக்கி, பிரம்மாண்டமான வளைந்த திரைக்கு முன்னே தொங்கவிடும். திரையில் மலை ஓடும், நதி ஓடும், கடல் ஓடும். படத்துக்கேற்ப நாற்காலி சாயும், முகத்தில் காற்றடிக்கும், ஆரஞ்சுத் தோப்பு வந்தால் ஆரஞ்சு வாசனைகூட வீசும்! இதற்குப் "பறக்கும் தியேட்டர்" என்று பெயர்.

டிஸ்னி கம்பெனி 2001-ல் கலிபோர்னியாவில் இப்படியொரு தியேட்டரைத் திறந்தது. 2016-ல் உலகம் முழுவதையும் சுற்றிக் காட்டும் படம் வந்தது; நமது தாஜ்மகாலும் அதில் உண்டு. நம் நாட்டிலும், மும்பை-புனே சாலையில் கோப்போலி அருகே 2013-ல் திறக்கப்பட்ட இமேஜிக்கா பூங்காவில், இந்தியாவை ஆகாயத்திலிருந்து காட்டும் காட்சி வந்தது.

ஹெலிகாப்டரின் மூக்கில், குலுக்கல் படாமல் தாங்கும் கருவியில் காமிராவைப் பொருத்தி, இளவெயிலுக்குக் காத்திருந்து, தாழப் பறந்து இத்தகைய படங்களை எடுக்கிறார்கள். பல நாள் பாடு சில நிமிஷப் படமாகிறது. விமானியின் திறமையையும் காமிராக்காரரின் உழைப்பையும் நாம் குறைத்துச் சொல்லவில்லை. மலையேற முடியாத கிழவி நாற்காலியில் இருந்தபடியே இமயத்தைக் கண்டு மகிழ்ந்தால் நமக்கும் மகிழ்ச்சியே. விஞ்ஞானத்தோடு நமக்கு என்ன பகை?

நாம் கேட்பது வேறு. மேலிருந்து பார்க்கும் அந்தக் கண் எதைப் பார்க்கிறது? எதை விட்டுவிடுகிறது?

குமரியின் அழகும் காயமும்

இத்தகைய படத்துக்கு நமது குமரி மாவட்டத்தைவிட ஏற்ற இடம் உண்டா? கடல்கள் கூடும் முனை, 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலம், தோவாளை வயல்கள், அவற்றுக்குப் பின்னே மலைத்தொடர்! டிரோன் காமிராக்கள் ஏற்கெனவே இங்கே சுற்றுகின்றன.

அவற்றுக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் ஓர் அழகான கோடு. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரைக் கொண்டுசென்று கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் நிலத்துக்குப் பாய்ச்ச 1966-ல் கட்டிய பாலம் என்பதை அந்தக் கோடு சொல்லுமா? ரப்பர் தோட்டம் பச்சைக் கம்பளமாகத் தெரியும். விடியுமுன் எழுந்து மரம் மரமாகப் பால்வெட்டும் தொழிலாளி அந்தக் கம்பளத்துக்கு அடியிலே மறைந்துபோவார்.

மலையைக் குடைந்த பாறைக் குவாரி வந்தாலோ, காமிரா முகத்தைத் திருப்பிக்கொள்ளும்! அதை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்? விழிஞ்ஞம் துறைமுகத்துக்காகக் கடலில் கொட்டுவதற்கு நமது மாவட்டத்துக் கல் லாரி லாரியாகப் போயிற்று. கீழே நிற்பவர்களுக்கு மதிலும் மரமும் மறைக்கும். மேலேயிருந்து பார்த்தால் காயத்தின் முழு அளவும் தெரியும். உண்மையைக் காட்ட வல்ல கருவி இதுதான். ஆனால் பிடிக்காததை அழிக்கவும் இல்லாததைச் சேர்க்கவும் கணினி இருக்கிறதே!

அன்று எங்கே போயிற்று ஆகாயம்?

2017 நவம்பர் 30-ல் ஓகிப் புயல் வந்தது. ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அலைக்கு நடுவே தத்தளிப்பவரைப் படகிலிருந்து தேடுவது கடினம். அன்று வேண்டியிருந்தது ஆகாயத்திலிருந்து பார்க்கும் கண். கடற்படையும் கடலோரக் காவல்படையும் விமானம் அனுப்பின என்பது உண்மை. ஆனால் தேடுதல் தாமதமாயிற்று, போதிய தூரம் போகவில்லை, கடலறிந்த எங்களையும் ஏற்றிச் செல்லுங்கள் என்று கரையில் நின்றவர்கள் கதறினார்கள். டிசம்பர் 7-ம் தேதி ஆயிரக்கணக்கானோர் குழித்துறையில் ரயிலை மறித்து உட்கார்ந்தார்கள். எதற்காக? சம்பள உயர்வுக்கா? சலுகைக்கா? காணாமற்போன தகப்பனையும் மகனையும் தேடச் சொல்வதற்காக! நூற்றுக்கு மேற்பட்ட குமரி மீனவர்கள் திரும்பவேயில்லை.

கேளிக்கைக்கு ஆகாயம் தாராளம். ஏழையின் உயிருக்கு மட்டும் கிராக்கியா?

"தியேட்டர் தனியார் பணம், மீட்பு சர்க்கார் வேலை, இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில கனவான்கள் கேட்பார்கள். சம்பந்தம் உண்டு, ஐயா! கரையைக் காட்டி, கரையில் வாழ்கிறவர்களை வெட்டி எறிந்த படத்தைப் பார்த்துப் பழகியவருக்கு, அந்தக் கரையில் ஓலம் எழும்போது காதில் விழாது. மலையைப் பச்சையாகவே பார்த்துப் பழகியவருக்கு அது குறைந்துகொண்டு வருவது உறைக்காது.

எனவே நாம் சொல்கிறோம்: படம் எடுக்கட்டும், தடையில்லை. பொதுச் சொத்தான மலையையும் கடலையும் படம்பிடித்து டிக்கெட் விற்பவர்கள், வெட்டாத முழுப் படச்சுருளையும் மாவட்ட மக்கள் பார்க்கக் கொடுக்க வேண்டும். அனுமதி தரும் சர்க்கார், குவாரிகளையும் ஆகாயத்திலிருந்து படமெடுத்துக் கிராமசபையில் போட்டுக் காட்ட வேண்டும். ஓகிக்குப் பிறகு மீனவர்கள் கேட்ட, இந்தக் கரையிலேயே மீட்பு ஹெலிகாப்டர் என்ற கோரிக்கையைக் கோப்புக்கட்டில் புதைக்க விடக்கூடாது.

ஆகாயம் எல்லோருக்கும் பொது. அதில் பறக்கும் கண், வேடிக்கை பார்க்க மட்டும் திறந்து, உழைப்பவர் சாகும்போது மூடிக்கொள்வதை நாம் அனுமதிக்க முடியாது!