காவலுக்குக் காவல்

பத்தமடைப் பாயின் மென்மைக்கு நெய்பவரின் கைத்திறன் மட்டுமே காரணமன்று. கோரையை ஊறவைக்கும் தாமிரபருணி ஜலமும் காரணம். அந்த ஜலம் கெட்டால் தொழிலும் கெடும். ஆகையால், கழிவுநீரைச் சுத்தி செய்யும் முறைகளைப் பற்றிய விவாதம் விஞ்ஞானிகளுக்கே உரியதென்று இவ்வட்டாரத்தார் ஒதுங்கியிருத்தல் தகாது.

சாயக்கழிவால் நொய்யல் நதி பாழானதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் வாசகர்கள் மறந்திரார். சாயம் எளிதில் மட்காது. அதைச் சிதைப்பதற்கு ஒரு வழி, 1894-ல் பெண்டன் என்னும் ஆங்கில இரசாயனி கண்ட வினையிலிருந்து வளர்ந்தது. இரும்பு உப்பு வினையூக்கியாக நின்று ஹைட்ரஜன் பெராக்சைடின் வீரியத்தை எழுப்ப, அவ்வீரியம் சாயத்தை உடைக்கிறது. ஆனால் நீர் புளிப்பாக இருந்தாலன்றி இரும்பு செவ்வனே வேலை செய்யாது. புளிப்பை நீக்கியதும் துருச்சேறாகப் படிகிறது. அச்சேற்றை எங்கே கொட்டுவது?

இதற்குப் பரிகாரமாக இரும்பு, தாமிரம், கோபால்ட் முதலிய உலோகங்களைக் களிமண்ணிலோ கரியிலோ பதித்து, திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம் என்கின்றனர். நல்ல யோசனையே. ஆயினும், பதித்த உலோகம் சிறுகச் சிறுகக் கரைந்து நீரோடு போகுமாயின் நஷ்டம் இரண்டு. வினையூக்கி வலுவிழக்கும், சாயம் நீங்கித் தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியாமல் உலோகம் தங்கும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

முதல் நாள் சோதனையைக் காட்டி விற்பவர் கூற்று, முதல் விசாரணையில் அளித்த சாட்சியம் போன்றது. குறுக்கு விசாரணை நடந்தாக வேண்டும். வினை பாதி நடக்கையில் வினையூக்கியை வடிகட்டி எடுத்துவிடட்டும். அதன் பின்னரும் சாயம் முன்போலவே வெளுத்துக்கொண்டு போனால், வேலை செய்வது கரைந்த உலோகமே என்பது வெளிப்படும். ஒரு முறை வெளுத்துக் காட்டினால் போதாது. ஐம்பதாவது முறையும் அதே பலன் வரவேண்டும். அதுவும் ஆய்வுக்கூடத்துச் சுத்த ஜலத்தில் அன்று. உப்பும் சோப்பும் கலந்த உண்மைக் கழிவுநீரில்.

1986-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அளவுப்படி, நதியில் விடும் கழிவுநீரில் தாமிரம் லிட்டருக்கு 3 மில்லிகிராமை மீறலாகாது. வெளியேறும் நீரின் நிறத்தைப் பார்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திருப்தியடையலாகாது. கரைந்த உலோகத்தையும் அளந்து, கணக்கைப் பகிரங்கப்படுத்த வேண்டும். திருநெல்வேலியிலேயே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவ்வட்டாரத்து நீரைக் கொண்டே அங்கே சோதனை நடக்கட்டும். நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது. ஆற்றை நம்பி வாழும் ஜனங்களுடையது அன்று.

தாமிரபருணியின் பெயரில் தாமிரம் ஒலிப்பது நமக்குப் பெருமையே. அவள் நீரில் அது கரைந்து ஓடுவதை நாம் சகிக்கலாகாது.