பதினாறு விடியல்

2007 அக்டோபரில் டாக்டர் ஷேக் முஸாபர் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டது ரமலானின் கடைசி நாட்களில். (இறுதிச் சுற்றின் நால்வரில் நம் வனஜாவும் இருந்தார், மறக்க வேண்டாம்!) அங்கே 90 நிமிடத்துக்கு ஒருமுறை விடிகிறது, நாளுக்குச் சுமார் 16 விடியல். எந்த விடியலுக்கு நோன்பு பிடிப்பது? புறப்பட்ட இடமான பைக்கனூரின் நேரத்தைப் பின்பற்றலாம் என்று நம் நாட்டுச் சமய அறிஞர்கள் வழிகாட்டினார்கள்.

வேலைக்கும் அங்கே சூரியனை நம்புவதில்லை. கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. எடையற்ற நிலையில் தசையும் எலும்பும் தேய்வதால் தினமும் சுமார் 2 மணி நேர உடற்பயிற்சி கட்டாயம்.

எனக்குப் பிடித்தது தூக்க விஷயம். எட்டரை மணி நேரத்தை அட்டவணையிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். சுவரில் கட்டிய பைக்குள் நுழைந்து, விளக்கை அணைத்துவிட வேண்டும். வெளியே எத்தனை முறை விடிந்தாலும் சரி. களைத்த கை தவறான விசையைத் தொட்டால் எல்லோருக்கும் ஆபத்து.

இங்கே ஜொகூர் பாருவில், சிங்கப்பூரில் இரவு ஷிப்ட் முடித்து மோட்டாரில் பாலம் தாண்டி வரும் நேயர்கள் என் காலை நிகழ்ச்சிக்கு அழைப்பார்கள். "எப்போ தூங்குவீங்க?" என்றால், "பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டுத்தான் அண்ணே" என்று சிரிப்பார்கள். அவர்கள் வேலை அட்டவணையில் தூக்கத்துக்கும் ஒரு கட்டம் போட்ட மேலாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.