அபராதம் கட்டியதோடு முடிந்ததா?



ஒரு காலத்தில் நம் மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டார வணிகருக்கு வெளியூர்ப் பயணம் என்றால் கடலூர், புதுச்சேரி. மிஞ்சினால் சென்னைக் கொத்தவால்சாவடி. இன்று முந்திரிக்கொட்டை கொள்முதலுக்கு ஆப்பிரிக்கா போகிறவர் உண்டு. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் போகிறவரும் உண்டு.

விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. சிங்கப்பூர், எந்த நாட்டிலாவது நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டீர்களா என்று கேட்கிறது. அமெரிக்காவும் கனடாவும், கைது செய்யப்பட்டதுண்டா என்றே கேட்கின்றன. இது திருடர்களுக்கான கேள்வி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. கடையடைப்பிலும் சாலை மறியலிலும் கைதாகி, மாலை வரை கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

எமது அனுபவத்தையே சொல்கிறோம். மகனைப் பார்க்க அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தபோது, பழைய மறியல் வழக்கு நினைவுக்கு வந்தது. படிவம் நிரப்பியவர், "இல்லை என்றே போட்டுவிடலாம் ஐயா, அவர்களுக்கு எப்படித் தெரியப் போகிறது?" என்றார். எடையைக் குறைத்துவிட்டு, வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பது போலிருந்தது. 'ஆம்' என்றே எழுதச் சொன்னோம். நீதிமன்றம் எம்மை விடுவித்த உத்தரவின் நகலோடு நேர்காணலுக்குப் போனோம். விசா கிடைத்தது. ஆனால் அந்த நகலுக்காக அலைந்ததில் நான்கு மாதம் போயிற்று. பேரனின் முதல் பிறந்தநாளுக்குப் போய்ச் சேர முடியவில்லை.

'ஆம்' என்றால் விசா கிடைக்காது என்று பொருளல்ல. மறைத்தால்தான் ஆபத்து. முக்கியமான உண்மையை மறைத்தவரை அமெரிக்கா நிரந்தரமாகவே தடுக்கலாம். கனடாவில் ஐந்தாண்டுத் தடை.

நம் நாட்டுச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். ஆனால் 1993ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கைப்படி, அந்த நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவு பெற்றால் பாஸ்போர்ட் வாங்க வழி உண்டு. முதல் தகவல் அறிக்கை பதிவானதாலேயே வழக்கு நிலுவை என்று ஆகிவிடாது. நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுத்திருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகமே 2019இல் இதைத் தெளிவுபடுத்தியது.

இன்னொன்று மிக முக்கியம். வாய்தாவுக்கு அலைய முடியாமல், "குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், அபராதத்தோடு போய்விடும்" என்ற பேச்சைக் கேட்டுக் கட்டிவிட்டு வருகிறோம். போவது வாய்தா மட்டுமே. தண்டனை ஏட்டில் நிற்கிறது. எடையளவுத் துறையில் இணக்கக் கட்டணம் செலுத்தி முடிப்பது வேறு, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது வேறு. ஒப்புக்கொள்ளுமுன் வழக்கறிஞரிடம் இந்த வேறுபாட்டைக் கேட்டுக்கொள்வது நலம்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மறியலுக்கு அழைத்தது சங்கம், வந்தவர் உறுப்பினர். வழக்கு மட்டும் அவர் தலையில் தனியாக விழலாமா? போராட்டத்தில் கைதானவர்களின் வழக்கு எண், நீதிமன்றம், முடிவு ஆகியவற்றைப் பதிய ஒரு பேரேடு வைப்போம். முடிந்த வழக்குகளின் உத்தரவு நகலைச் சங்கச் செலவில் வாங்கி உரியவரிடம் கொடுப்போம். முடியாதவற்றை முடிக்க ஒரு வழக்கறிஞரை அமர்த்துவோம்.

கடனையும் வரவையும் நாள்தோறும் எழுதிவைக்கிற நாம், வழக்குக் கணக்கை மட்டும் எழுதாமல் விடலாமா? அடுத்த பொதுக்குழுவில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.