கல்லீரல் ரத்தக்குழாய் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது! ஆபரேஷனுக்கு முன் சிடி ஸ்கேன் ஏன் முக்கியம்?

"அல்ட்ராசவுண்ட் எடுத்தாச்சு, கட்டி இருக்குன்னும் தெரிஞ்சாச்சு. அப்புறம் எதுக்கு சார் மறுபடியும் சிடி ஸ்கேன்?" கணையத்திலோ கல்லீரலிலோ ஆபரேஷன் என்றதும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. செலவை நினைத்தால் கேள்வி நியாயமானதுதான். ஆனால், அந்த ஸ்கேனில் டாக்டர் தேடுவது கட்டியை மட்டுமல்ல, ரத்தக்குழாய்கள் எந்த வழியாகப் போகின்றன என்பதையும்தான்.

பாடப்புத்தகம் சொல்வது இப்படி: வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனியிலிருந்து செலியாக் என்ற குட்டையான கிளை புறப்படும். அது மூன்றாகப் பிரிந்து இரைப்பை, மண்ணீரல், கல்லீரலுக்கு ரத்தம் கொடுக்கும். சற்றுக் கீழே புறப்படும் இன்னொரு கிளை குடலுக்குப் போகும்.

இந்தப் படம் எத்தனை பேருக்குப் பொருந்தும்? அமெரிக்க உடற்கூறியல் நிபுணர் நிக்கோலஸ் மிச்செல்ஸ் 200 உடல்களை அறுத்துப் பார்த்து, கல்லீரல் தமனியின் அமைப்பை 1966ல் 10 வகையாகப் பிரித்தார். புத்தகத்தில் உள்ளபடி இருந்தது 55 சதவீதம்தான். 1994ல் 1,000 கல்லீரல் தானங்களை வைத்து வெளியான இன்னொரு ஆய்வில் அது சுமார் 76 சதவீதம். அப்படிப் பார்த்தாலும் நாலில் ஒருத்தருக்கு வேறு மாதிரி!

சிக்கல் எங்கே வருகிறது?

சுமார் பத்தில் ஒருவருக்கு, கல்லீரலின் வலது பக்கத்துக்கான தமனி, குடலுக்குப் போகும் கிளையிலிருந்து புறப்படுகிறது. இது பெரும்பாலும் கணையத்தின் தலைப்பகுதிக்குப் பின்னால் ஏறிப் போகும். கணையத் தலையில் புற்றுநோய் வந்தால் செய்யும் 'விப்பிள்' ஆபரேஷனில் வெட்டி எடுப்பது சரியாக அந்த இடத்தைத்தான். அப்படி ஒரு குழாய் இருப்பது தெரியாமல் வெட்டினால் ரத்தம் கொட்டும் என்பது ஒரு பக்கம். பித்தநாளம் உயிரோடு இருப்பதே தமனி ரத்தத்தால்தான். அது நின்றால், குடலோடு புதிதாகத் தைத்த இணைப்பு ஆறாமல் பித்தம் கசியலாம், கல்லீரலில் சீழ் கட்டலாம்.

இதைவிட அபூர்வமானது, செலியாக்கும் குடல் தமனியும் ஒரே தண்டாகப் புறப்படுவது. நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான் பார்க்க முடியும். ஒரே மெயின் பைப்பில் மொத்தத் தெருவுக்கும் தண்ணீர் வருகிற மாதிரி. அதில் அடைப்பு வந்தால் கல்லீரல், குடல் இரண்டுக்குமே ஆபத்து.

இது நோயா?

இல்லவே இல்லை. கரு வளரும் முதல் சில வாரங்களில் பெருந்தமனியிலிருந்து பல சிறு கிளைகள் முளைக்கும். அவற்றில் சில மறையும், சில நிலைக்கும். எது நிலைக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறலாம். எந்தத் தொந்தரவும் தராது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

பித்தப்பை ஆபரேஷனுக்கு எல்லாருக்கும் சிடி எடுப்பதில்லை, தேவையும் இல்லை. ஆனால் சிலருக்குக் கல்லீரல் தமனி பித்தப்பையை ஒட்டி வளைந்து, பித்தப்பைக்கான சின்னத் தமனி போலவே தெரியும். அதனால்தான் பித்தப்பைக்குள் போகிற இரண்டே குழாய்களைத் தெளிவாகப் பார்த்த பிறகே கிளிப் போட வேண்டும் என்கிறது சர்ஜரி விதி. திறந்து செய்யும் பெரிய ஆபரேஷன்களில், சந்தேகப்படும் தமனியை வெட்டுவதற்கு முன் தற்காலிகமாக அழுத்திப் பிடித்து, கல்லீரலுக்குத் துடிப்பு போகிறதா என்று பார்ப்பார்கள்.

சிடி ஆஞ்சியோவுக்கு ஊசி வழியாக மருந்து செலுத்துவார்கள். சிறுநீரகப் பிரச்சினையோ, முன்பு இந்த மருந்தால் அலர்ஜியோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் 'ரத்தக்குழாய் அமைப்பில் மாறுபாடு' என்று இருந்தால் பயம் வேண்டாம், தூக்கியும் போட வேண்டாம். பத்து வருஷம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் என்றாலும், சர்ஜனிடம் முதலில் காட்ட வேண்டிய காகிதம் அது.