ஏடு எவர் கையில்?

முதலாளி நல்லவராக இருந்தால் அவர் நடத்தும் பத்திரிகையும் உழைப்பாளருக்கு நல்லதாகவே இருக்கும் என்ற நம்பிக்கை இன்றும் பலரிடம் உண்டு. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஜோசப் கோவனின் வரலாறு அந்த நம்பிக்கையின் எல்லையைக் காட்டுகிறது.

உலைகளுக்கான செங்கல் தயாரிக்கும் ஆலை உரிமையாளரின் மகனாக, 1829இல் டைன் நதிக்கரையில் பிறந்தவர் கோவன். சாசன இயக்கத்தின் கோரிக்கைகளை ஆதரித்தார். கரிபால்டிக்கும் மாஜினிக்கும் தோள் கொடுத்தார். பிளேடனில் கூட்டுறவுச் சங்கம் வேரூன்ற உழைத்தார். நியூகாசில் நகரமன்றத்திலும் பணியாற்றினார். 1859இல் 'நியூகாசில் கிரானிக்கிள்' ஏட்டை விலைக்கு வாங்கினார்.

அந்த ஏட்டின் மகத்தான பங்களிப்பு 1871இல் நிகழ்ந்தது. ஒன்பது மணி நேர வேலைநாள் கோரி நியூகாசில் பொறியியல் தொழிலாளர்கள் ஜான் பர்னெட் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். ஆயுத ஆலை அதிபர் ஆர்ம்ஸ்ட்ராங் உள்ளிட்ட முதலாளிகள் ஐரோப்பாவிலிருந்து ஆள் இறக்கினர். அந்த ஆள்திரட்டலை முறியடிக்க மார்க்ஸ் அங்கம் வகித்த அகிலத்தின் பொதுக்குழு துணைநின்றது. கோவனின் ஏடு தொழிலாளர் பக்கம் உறுதியாக நின்றது. ஏறத்தாழ ஐந்து மாதப் போராட்டத்தின் முடிவில் 54 மணி நேர வேலை வாரம் வென்றெடுக்கப்பட்டது.

1874இல் கோவன் நாடாளுமன்றம் சென்றார். விக்டோரியாவுக்கு 'இந்தியப் பேரரசி' பட்டம் சூட்டும் மசோதாவை 1876இல் எதிர்த்துப் பேசினார். 1881இல் அயர்லாந்து மீதான அடக்குமுறைச் சட்டத்தையும் எதிர்த்தார். எனினும், ரஷ்ய-துருக்கிப் போர்க்காலத்தில், ஜார் ஆட்சி மீதான வெறுப்பு அவரை டிஸ்ரேலியின் ஏகாதிபத்திய வெளியுறவுக் கொள்கையின் பக்கம் சேர்த்தது. உரிமையாளர் சாய்ந்த பக்கமே ஏடும் சாய்ந்தது. 1871இல் அதைத் தம் குரலாகக் கருதிய தொழிலாளர்கள், அதன் கொள்கையைத் தீர்மானிக்கும் உரிமை எதையும் பெற்றிருக்கவில்லை.

இது கோவனின் நேர்மையின்மையைக் காட்டுவதன்று, அவர் நேர்மையானவரே. சிக்கல் உடைமையில் இருந்தது. தனியொருவரின் மனசாட்சி வர்க்கத்தின் துணையாகலாம். வர்க்க அமைப்புக்கு மாற்றாகாது. இரவலாகக் கிடைத்த குரலை உரியவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுக்கொள்வார்.

இன்று பெருமுதலாளிகளின் கையில் தொலைக்காட்சிகளும் நாளேடுகளும் குவிந்துள்ள இந்தியாவில், கோவனைப் போன்ற உரிமையாளரைக் காண்பதே அரிது. எனவே கட்சி ஏட்டுக்குச் சந்தா சேர்ப்பது வெறும் நிதிப்பணி அன்று. தொழிற்சாலை வாயிலிலும் வயல்வெளியிலும் சேரும் ஒவ்வொரு சந்தாவும் ஏட்டின் உடைமையை உழைப்பவர் கையில் நிலைநிறுத்துகிறது. அந்த ஏட்டின் திசையைத் தீர்மானிக்கும் உரிமையும் கடமையும் அவர்களுடையதே.